முன்பாரம் பார்த்து ஏற்றுங்கள்: பிரிட்டனில் கேரவன் இழுத்துச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையம் பக்கம் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மஞ்சள் மூட்டை ஏற்றும்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்கள் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் மட்டும் அடிக்கடி நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "கண்ணு, முன்பாரம் ஏறுனா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும். பின்பாரம் ஏறுனா நுகமே மேல எந்திரிச்சுக்கும். கையில ஒரு அளவுக்குத்தான் கனம் தெரியணும்" என்பார். முப்பது வருடம் கழித்து இங்கிலாந்தில் முதல்முறை கேரவன், அதாவது காரின் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு, வாங்கியபோது, கடைக்காரர் அரை மணி நேரம் விளக்கிய விஷயம் இதுதான். இங்கே அதற்கு நோஸ் வெயிட் என்று பெயர்.

கேரவன் என்றதும் பலருக்கும் பயம் ஓட்டுவதில்தான், அதிலும் ரிவர்ஸ் எடுப்பதில். பழகினால் ரிவர்ஸ் வந்துவிடும். உயிரோடு விளையாடுவது பாரம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டு வாசலை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பற்றியே இருக்கும்.

பொழுதுபோக்குக்காகவே கட்டிய முதல் கேரவன் 1885-இல் பிரிஸ்டலில் உருவானது. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் இரண்டு குதிரைகளைப் பூட்டி அதில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். குதிரை போய் கார் வந்துவிட்டது. பூட்டுகிற வண்டிக்கான கணக்கு அப்படியே இருக்கிறது.

உரிமமும் எடைக் கணக்கும்

2021 டிசம்பர் 16 முதல், பிரிட்டனில் சாதாரண கார் உரிமம் வைத்திருக்கும் எவரும் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதற்கு முன், 1997 ஜனவரி 1 அல்லது அதன் பிறகு கார் தேர்வில் தேறியவர்கள் பெரிய கேரவன் இழுக்க வேண்டுமானால் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. தேர்வு போய்விட்டது என்பதற்காகப் பயிற்சியும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். கேரவன் கிளப்புகள் ஒரு நாள் பயிற்சி நடத்துகின்றன. முதல் கேரவனை வாங்குமுன் அதற்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

அடுத்தது, உங்கள் கார் எவ்வளவு இழுக்கும்? கார்க் கதவின் ஓரத்திலோ பானட்டுக்குள்ளோ ஒரு சிறு தகடு இருக்கும். அதில் நான்கு எடைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது, கார் முழுச் சுமையோடு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டாவது, காரும் கேரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையுள்ள கார் இழுக்கக்கூடிய எடை கிடைக்கும். அந்த இரண்டாவது எண்ணே இல்லை என்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது என்று பொருள். சில மின்சாரக் கார்களும் சிறிய ஹைப்ரிட் கார்களும் இந்த ரகம். கார் பார்க்கக் கனமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

கேரவனின் கதவருகேயும் ஒரு தகடு உண்டு. சாமான் உட்பட அது தாங்கக்கூடிய அதிகபட்ச எடை அதில் இருக்கும். புதிதாக இழுப்பவர்களுக்குக் கிளப்புகள் சொல்லும் அறிவுரை: கேரவனின் இந்த அதிகபட்ச எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360 கிலோவுக்குள். இது சட்டம் இல்லை, அறிவுரைதான். ஆனால் எது எதை இழுக்கிறது என்ற கேள்வி மோட்டார்வேயில் எழாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

கேரவனின் அதிகபட்ச எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் எடை வரும். சிறிய கேரவன்களில் இது 150 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். நிறைய மாதிரித் தெரியும். பேட்டரி இருபது கிலோவுக்கு மேல். கேரவனை ரிமோட்டில் நகர்த்தும் 'மூவர்' (mover) என்ற மோட்டாரைப் பொருத்தினால் இன்னும் முப்பது கிலோ. கேஸ் சிலிண்டர், முன்கூடாரம் என்று போட்டால் துணிப்பைக்கு இடம் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். நம் வீடுகளில் பத்துக் கிலோ அரிசி மூட்டை, டேபிள் டாப் கிரைண்டர், குக்கர் எல்லாம் கூடவே வரும். கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு மாவை அரைத்துக் கொண்டுபோங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஓடும் கேரவனின் குலுக்கலில் மாவு வீட்டில் பொங்குவதைவிட வேகமாகப் பொங்கும்.

எங்கே என்ன வைப்பது

கனமானவை தரையில், சக்கரங்களுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்று முன்னால். நடுத்தரக் கனம் அதற்குப் பக்கத்தில், தாழ்வாக. தலைக்கு மேல் உள்ள அலமாரிகளில் துண்டு, சிப்ஸ், பிஸ்கட் போன்ற இலேசானவை மட்டும். கேரவனின் வால் பக்கம், அதாவது பின்சுவரை ஒட்டி, கனமான எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இரண்டாவது பயணத்தில் இரண்டு அரிசி மூட்டை, நிரம்பிய தண்ணீர் கேன், கிரைண்டர் எல்லாவற்றையும் பின்பக்கக் குளியலறையில் அடுக்கினேன். தரை காலியாக இருந்தது, இடம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான் யோசித்தேன். மோட்டார்வேயில் ஒரு இறக்கத்தில் ஒரு கோச் (தூரப் பயணப் பேருந்து) பக்கத்தில் கடந்தது. அது இழுத்த காற்றில் கேரவன் மெல்ல வலப்பக்கம் போனது, பிறகு இடப்பக்கம், பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம். ஸ்டியரிங் என் கையில் இருந்தது, கார் என் சொல் கேட்கவில்லை. பின்னிருக்கையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "என்னங்க, வண்டி ஆடுது" என்று என் மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பிரேக்கை அழுத்தத் துடித்த காலை அடக்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். வேகம் மணிக்கு ஐம்பது மைலுக்குக் கீழே இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. அடுத்த சர்வீஸில் (சாலையோர ஓய்விடத்தில்) நிறுத்தி, எல்லாவற்றையும் சக்கரத்துக்கு மேலே நகர்த்திவிட்டுக் கிளம்பினோம். அதே காற்று, அதே வேகம். கேரவன் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் அப்புச்சி சொன்ன பின்பாரம் உடம்பில் ஏறியது.

இந்த ஆட்டத்தை இங்கே ஸ்னேக்கிங் என்கிறார்கள். அது வந்தால் செய்ய வேண்டியது நான் மேலே சொன்னதுதான்: ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிரேக்கைக் கடுமையாக அழுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் முயலாதீர்கள். அது வராமல் இருக்க வழி, பாரம்தான்.

முன்பாரத்தை அளப்பது எப்படி

கேரவனின் முன் கொக்கி, காரின் பந்துக் கொக்கியின் மேல் அழுத்தும் எடைதான் நோஸ் வெயிட். கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1,300 கிலோ கேரவன் என்றால் 65-இலிருந்து 91 கிலோவுக்குள். ஆனால் உங்கள் காருக்கும், டோ பாருக்கும் (பந்துக் கொக்கியைத் தாங்கும், காரின் பின்பக்கக் கம்பி), கேரவன் கொக்கிக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. கார் 75 கிலோதான் தாங்கும் என்றால், 91 வரை போகலாம் என்ற கணக்கு செல்லாது.

அளப்பதற்கென்றே சிறு கருவி விற்கிறது. குளியலறை எடைமானியும் ஒரு மரக்கட்டையும் இருந்தாலும் போதும். கேரவனைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். பயணத்துக்கான எல்லாச் சாமானும் உள்ளே இருக்க வேண்டும். எடைமானியின் மேல் கட்டையை நிறுத்தி, கொக்கியின் தலை அதன் மேல் உட்காரும்படி ஜாக்கி வீலை (கேரவனின் முன்னால் உள்ள, கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) மெல்ல மேலேற்றுங்கள். கட்டை, கொக்கி காரில் மாட்டும்போது இருக்கும் உயரத்துக்கு இருக்க வேண்டும். கேரவன் சமமாக நிற்க வேண்டும். ஜாக்கி வீல் தரையை விட்டதும் எடைமானி காட்டுவதே முன்பாரம். குறைவாக இருந்தால் ஒரு கனமான பையைச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்துங்கள். அதிகமானால் எதிர்ப்பக்கம். வாலில் மூட்டையை வைத்து முன்பாரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். எடைமானி சரியாகக் காட்டும், சாலையில் கேரவன் ஊஞ்சல் ஆடும்.

டயரும் கண்ணாடியும்

கேரவன் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்றே கெடும். வருடத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்து வருடம் ஆனால் மாற்றுவது நல்லது, ஏழைத் தாண்டி எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள். டிரெட் கருகருவென்று புதிதாக இருக்கலாம், பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். உட்பக்கச் சுவரையும் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று, பயணத்தின் காலையில், டயர் குளிர்ச்சியாக இருக்கும்போது பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்.

கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டிப்புக் கண்ணாடிகள் கட்டாயம். உங்கள் கண்ணிலிருந்து 20 மீட்டர் பின்னால், கேரவனின் இருபுறமும் 4 மீட்டர் அகலம் தெரிய வேண்டும் என்பது விதி. இல்லாமல் ஓட்டினால் அபராதமும் உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளிகளும் வரலாம். கேரவனின் பின்னால் காரின் அதே நம்பர் பிளேட் இருக்க வேண்டும். கேரவன் ஓடும்போது அதற்குள் ஆள் யாரும் இருக்கக் கூடாது. பாப்பா தூங்கிவிட்டது, அங்கேயே படுக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

பூட்டுவது

இதை எப்போதும் ஒரே வரிசையில், ஒரே ஆள் செய்யட்டும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

1. கேரவனின் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி வீலைச் சுற்றிக் கொக்கியைக் காரின் பந்தைவிட உயர்த்துங்கள்.
2. உராய்வு வகை ஸ்டெபிலைசர் (உராய்வுப் பட்டைகளால் பந்தை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் கருவி) உள்ள கேரவன் என்றால், காரின் பந்துக் கொக்கியில் கிரீஸும் பெயின்டும் இருக்கக் கூடாது. துடையுங்கள். பந்தில் எண்ணெய் இருந்தால் அந்தப் பட்டைகள் பிடிக்காது.
3. காரைப் பின்னால் எடுத்து நேர் கீழே கொண்டுவாருங்கள். கொக்கியை இறக்கினால் 'டக்' என்று பூட்டும். பச்சை அடையாளம் வெளியே தெரியும்.
4. பச்சையை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி வீலை மீண்டும் சுற்றிக் கொக்கியை மேலே தள்ளிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு உறுதி.
5. பிரேக்அவே கேபிளைக் காரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். கொக்கி எப்போதாவது கழன்றால், இந்தக் கம்பிதான் கேரவனின் பிரேக்கை இழுத்து நிறுத்தும். தரையில் தேயாத அளவு, திரும்பும்போது இறுகாத அளவு தொங்கட்டும்.
6. 13 ஊசி பிளக்கைச் செருகித் திருப்புங்கள். ஜாக்கி வீலை முழுக்க மேலேற்றி இறுக்குங்கள். ஸ்டெபிலைசர் கைப்பிடியை அழுத்துங்கள். கடைசியாகக் கேரவன் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.
7. ஒருவர் பின்னால் நின்று இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, பின்விளக்கு எல்லாம் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே ஒரு சுற்று: கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா, கூரை ஜன்னல் பூட்டியிருக்கிறதா, அலமாரிக் கதவுகள் கொக்கி போட்டிருக்கிறதா, டிவி ஏரியல் இறக்கியிருக்கிறதா. ஃபிரிட்ஜை முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் குளிரூட்டி வைத்து, கிளம்பும்போது 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஓட்டத்தில் அது இருக்கும் குளிரைக் காக்குமே தவிர, புதிதாகக் குளிராக்காது.

சாலையில்

கேரவனோடு போகும்போது வேக வரம்பு மாறும். எதிரெதிர் திசைகளுக்கு நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரித்த இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. வேறு வரம்புப் பலகை இருந்தால் அது. வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் ஊருக்குள் பெரும்பாலான தெருக்களில் 20. மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்தில் போகக் கூடாது.

லாரியோ கோச்சோ கடக்கும்போது காற்று முதலில் கேரவனைத் தள்ளும், பிறகு இழுக்கும். கண்ணாடியில் பெரிய வண்டி வருவது தெரிந்ததும் இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, ஸ்டியரிங்கை இறுக்காமல் உறுதியாகப் பிடித்தால் போதும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி, தனிக் காரில் விடுவதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். காற்று எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். செவெர்ன் பாலம் மாதிரி உயரமான பாலங்கள் காற்றடித்தால் முதலில் தடுப்பது நம்மைப் போன்ற உயரமான, இலேசான வண்டிகளைத்தான்.

திரும்பும்போது கேரவனின் சக்கரம் காரின் சக்கரம் போன வழியில் போகாது. மூலையை வெட்டிக்கொண்டு போகும். இடப்பக்கம் திரும்பும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்புங்கள், இல்லாவிட்டால் நடைபாதை விளிம்பில் டயர் ஏறும். பெட்ரோல் போட, ஓரமாக, நேராக வெளியே போகக்கூடிய பம்பைத் தேர்ந்தெடுங்கள்.

இறக்கங்களில்தான் கவனம் வேண்டும். கேரவனுக்குத் தனி பிரேக் பெடல் கிடையாது. கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கொக்கியின் தண்டு உள்ளே போய் அதன் பிரேக்கை இழுக்கும். நீண்ட இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் காரின் பிரேக்கும் கேரவனின் பிரேக்கும் சூடேறிப் பிடிமானம் போய்விடும். மேலேயே குறைந்த கியருக்கு மாற்றி எஞ்சினைக் கொண்டு இறங்குங்கள்.

வட யார்க்ஷயரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம், நான் அதிகம் போகும் பகுதி அது. திர்ஸ்க் ஊரிலிருந்து ஹெல்ம்ஸ்லி போகும் ஏ170 சாலையில் சட்டன் பேங்க் என்ற ஏற்றம் இருக்கிறது. நாலுக்கு ஒன்று சரிவு, அதாவது நாலு அடி போனால் ஒரு அடி ஏறும். அதில் கேரவன்களுக்குத் தடை. காரில் வழிகாட்டும் சாதாரண சாட்நாவ் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த வழியில்தான் கொண்டுபோகும். விட்பி கடற்கரைக்குப் போவதாக இருந்தால், யார்க்கிலிருந்து ஏ64-இல் மால்டன் வந்து, ஏ169 பிடித்துப் பிக்கரிங் வழியாக மேட்டுநிலத்தைக் கடக்கலாம். ஹெதர் பூத்த ஆகஸ்ட் மாதத்தில் அந்த மேட்டில் கேரவனோடு போவது ஒரு பாக்கியம். ஆனால் கடைசியில் ஸ்லைட்ஸ் கிராமத்துக்கு இறங்கும் புளூ பேங்க் ஐந்துக்கு ஒன்று சரிவு. பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்கவே அங்கே மண்படுகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் இறங்குங்கள். பின்னால் வருபவர் பொறுக்கட்டும்.

ரிவர்ஸ்

கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில், ஆறு மணி இடத்தில் வையுங்கள். கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இடப்பக்கம் கை, இடப்பக்கம் வால். இதை விட எளிய சூத்திரம் கிடையாது. வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மெதுவாக எதிர்ப்பக்கம் கொண்டுவந்து காரை அதன் பின்னால் ஓடவிட வேண்டும். தாமதித்தால் காரும் கேரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிவிடும்.

நேராகப் பின்னால் போக வேண்டுமானால் கண்ணாடிகளைப் பாருங்கள். எந்தக் கண்ணாடியில் கேரவன் அதிகமாகத் தெரிகிறதோ, அந்தக் கண்ணாடியின் பக்கம் ஸ்டியரிங்கை இலேசாகத் திருப்பினால் நேராகும். கோணம் கெட்டுவிட்டால் வெட்கப்படாமல் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி தொடங்குங்கள். ஞாயிறு காலையில் காலியான பெரிய கார் நிறுத்தத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் பழகினால் கை தானாகப் படியும்.

பின்னால் வழிகாட்டுபவர் எப்போதும் உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் மறைந்தால் நீங்கள் நிற்க வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கும் நல்லது.

இடத்தில் நிறுத்துவது

பெரும்பாலான தளங்களில் மதியத்துக்குப் பிறகுதான் அனுமதிப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பெரிய கிளப் தளங்கள் வேண்டாம், அமைதி வேண்டும் என்பவர்களுக்கு, உறுப்பினர்களுக்கு மட்டும் ஐந்து கேரவன் வரை இடமுள்ள சிறு பண்ணைத் தளங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. என் மனம் அவற்றில்தான். விடியலில் ஆட்டுக் குரலுக்கு எழுந்து, வாசலில் நாற்காலி போட்டு ஃபில்டர் காபி குடிக்கும் இடம் அது.

கேரவனை உள்ளே விடுமுன் இறங்கி நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் சரிவு? மின் கம்பம் எங்கே, உங்கள் கேபிள் எட்டுமா? பிரிட்டிஷ் கேரவனின் கதவு இடப்பக்கம், அந்தப் பக்கத்தில் கூடாரம் விரிக்க இடமிருக்கிறதா? புல்தரை ஈரமாக இருந்தால், கிளம்பும் நாளில் கார் மேட்டை நோக்கி இழுக்க வேண்டியிருக்குமா என்றும் யோசியுங்கள். அடுத்த கேரவனிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இருக்க வைத்த இடைவெளி அது.

மட்டம் பார்ப்பதில் வரிசை தப்பக் கூடாது. முதலில் இடவலம். கேரவன் இன்னும் காரில் பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் சாய்தளக் கட்டையை வைத்து அதன் மேல் ஏற்றுங்கள். மட்டப்பலகையில் குமிழ் நடுவுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, அதன் பிறகே காரைக் கழற்றுங்கள். முன்பின் மட்டத்தை ஜாக்கி வீலைச் சுற்றிச் சரிசெய்யலாம். கடைசியில்தான் நான்கு மூலைக் கால்கள். அவை கேரவன் ஆடாமல் பிடிக்க வந்தவை, தூக்க வந்தவை அல்ல. அவற்றால் கேரவனைத் தூக்கினால் அடிச்சட்டம் வளையும். மண் இளகியிருந்தால் கால்களின் கீழ் பலகைத் துண்டு வையுங்கள். மட்டம் வெறும் வசதிக்காக அல்ல: சாய்ந்து நின்றால் பல கேரவன் ஃபிரிட்ஜ்கள் குளிராது, குளியலறைத் தண்ணீரும் வடியாது.

மின்சாரம், தண்ணீர், கேஸ்

ஹூக்-அப் கேபிளை முதலில் கேரவனில் மாட்டி, பிறகு கம்பத்தில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் கம்பத்தில். கேபிளைச் சுருளாக விட்டால் சூடேறி உருகும். மிச்சமானதைக் கேரவனின் அடியில் தளர்வாகப் பரப்பிவிடுங்கள்.

10 ஆம்பியர் கம்பத்தில் 230 வோல்ட்டுக்கு 2,300 வாட் கிடைக்கும். வீட்டுக் கெட்டில் மட்டுமே 3,000 வாட் கேட்கும், போட்டதும் ட்ரிப் ஆகும். குறைந்த வாட் கெட்டில் ஒன்று வாங்குங்கள். 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும்போது ஹீட்டரை அணையுங்கள். ஐரோப்பாவில் 6 ஆம்பியர் தளங்களும் உண்டு. அங்கே 1,380 வாட்தான், சோறும் வெந்நீரும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான்.

தண்ணீருக்கு, தரையில் உருட்டிக்கொண்டு வரும் 40 லிட்டர் பீப்பாய் வெளியே நிற்கும். கழிவுநீருக்கு வேறு பெட்டி. கழிப்பறைப் பெட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். அது நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் எடுத்துவிட்டால் வேலை சுலபம்.

கேஸில் நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரோபேன். பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே ஆவியாக மறுக்கும், அடுப்பு எரியாது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை புரோபேன் எடுத்துப் போங்கள்.

தாளிப்பு வாசனை கேரவனுக்குள் ஒரு வாரம் நிற்கும், நீராவி சுவரில் வேர்த்து ஈரமாகும். நான் மின் அடுப்பை வெளியே மேசையில் வைத்துத்தான் தாளிக்கிறேன். உள்ளே சமைத்தால் கூரை ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரி அடுப்பை, அணைந்ததாகத் தெரிந்தாலும், குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுவராதீர்கள். சாம்பல் பூத்த கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூங்குபவர்கள் விழிக்காமலே போய்விடுவார்கள். குளிர்காற்று வருகிறதே என்று தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை ஒவ்வொரு பயணத்தின் முதல் இரவிலும் அழுத்திப் பாருங்கள்.

கிளம்பும் நாள்

தண்ணீரை வடியுங்கள், கேஸை மூடுங்கள், கம்பத்திலிருந்து கேபிளைக் கழற்றுங்கள், நான்கு கால்களையும் மேலேற்றுங்கள், படிக்கட்டை உள்ளே எடுத்துவையுங்கள். வரும்போது கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமான் குறைந்திருக்கும், வாங்கிய சாமான் கூடியிருக்கும். விட்பியில் வாங்கிய மீனும் ஐஸ் பெட்டியும் எங்கே போகிறது என்று பாருங்கள். முன்பாரத்தை மறுபடி அளந்துவிட்டுப் பூட்டுங்கள். கிளம்பியதும் ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, இறங்கி நடந்து வந்து நின்ற இடத்தைப் பாருங்கள். சாய்தளக் கட்டையும் தண்ணீர்ப் பீப்பாயும் புல்லில் அங்கேயே நிற்பது வழக்கம்.

வீடு திரும்பியதும் ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலம் வருமுன் குழாய், கொதிகலன் இரண்டிலும் உள்ள தண்ணீரை முழுக்க வடித்து, குழாய்களைத் திறந்தே விடுங்கள். உறையும் தண்ணீர் குழாயைப் பிளந்துவிடும், அது வசந்தத்தில் முதல் பயணத்தன்றுதான் தெரியவரும். கொக்கிக்கும் சக்கரத்துக்கும் பூட்டுப் போட்டு, மாதம் ஒருமுறை கேரவனை அரைச் சுற்று முன்னால் நகர்த்தி வையுங்கள், டயரின் ஒரே இடம் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்காமல் இருக்கும்.